கேளாமல் வைக்கப்பட்ட குவளை



கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு, வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுச் சாலையில் முதன்முறையாகச் செல்லும் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பசி வந்த வேளையில் சாலையோர உணவகம் ஒன்றில் அமருகிறார்கள். என்ன வேண்டும் என்று எவரும் இன்னும் கேட்கவில்லை. விலைப்பட்டியலும் வரவில்லை. அதற்கு முன்பாகவே ஆவி பறக்கும் இளஞ்சிவப்பு நிறத் தண்ணீர் ஒவ்வொருவர் முன்பும் வைக்கப்படுகிறது. “வெள்ளம் குடிக்கூ” என்று கடைக்காரர் அன்போடு சொல்லும்போது, வெள்ளம் என்றால் ஊரையே அடித்துச் செல்வது என்று மட்டும் அறிந்த நம் பிள்ளைகள் திகைத்துப் பார்க்கிறார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று தகப்பனார் விளக்குகிறார். ஆனாலும் சின்ன மகள் தம்ளரைத் தொடவில்லை. “அப்பா, இதில் சாயம் கலந்திருக்கிறார்களே!” என்கிறாள்.

அந்தச் சிறுமியின் சொல்லில் பெரியதொரு உண்மை அடங்கியிருக்கிறது. அது மெய்யாகவே சாயந்தான்!

சாயமரத்தின் கதை

பதிமுகம் என்று மலையாளத்தாரும், சப்பங்கம் அல்லது பதங்கம் என்று நம்மவரும் வழங்கும் மரத்தின் வைரக்கட்டையே இந்நிறத்தைத் தருகிறது. அதன் சிறு சீவல்கள் சிலவற்றைக் கொதிக்கும் நீரில் இட்டால் சற்று நேரத்தில் நீர் சிவந்துவிடும். அக்கட்டையிலுள்ள பிரேசிலின் என்னும் பொருளே இதற்குக் காரணம். பல நூற்றாண்டுகளாக ஆசிய நாடுகளிலும் ஐரோப்பாவிலும் நெசவாளர்கள் துணிகளுக்குச் சிவப்பேற்ற இந்த மரத்தையே நாடினர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரை வழியே சென்ற மார்கோ போலோ, கொல்லத்தில் கிடைக்கும் இந்தச் சாயக்கட்டையைத் தமது பயணக் குறிப்பில் சிறப்பாக எடுத்துரைத்திருக்கிறார்.

ஐரோப்பியர் இந்தக் கட்டையைப் பிரேசில் என்ற பெயராலேயே அழைத்துவந்தனர். பிற்காலத்தில் போர்த்துக்கீசியர் தென் அமெரிக்கக் கரையில் இறங்கியபோது, இதே சிவப்பைத் தரும் உறவுமரம் ஒன்றை அங்கே ஏராளமாகக் கண்டனர். அந்த மரத்தின் பெயரே அந்நாட்டின் பெயராயிற்று. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பிரேசில் என்னும் பெரிய தேசத்துக்கும், பாலக்காட்டு உணவகத்தின் தம்ளருக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு. வீட்டில் இந்நீரைக் கொதிக்க வைத்தால் அதில் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். புளிப்புப் பட்டதும் சிவப்பு மறைந்து மஞ்சளாகும். பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வார்கள்.

எல்லாக் கடைகளிலும் பதிமுகமே இருக்கும் என்பதில்லை. சீரகம் இட்ட நீர் சில இடங்களில், கருங்காலிக் கட்டை இட்ட நீர் சில இடங்களில். சுக்கு, ஏலம், இராமச்சம் என்னும் வெட்டிவேர் முதலியவற்றைச் சேர்த்துத் தாகசமனி என்ற பெயரில் பொட்டலமாகவும் விற்கிறார்கள். எதுவாயினும் முறை ஒன்றே. வந்தவர் யார், எவ்வளவுக்குச் சாப்பிடுவார் என்ற கேள்விகளுக்கு முன்னதாகவே சூடான நீர் வந்துவிடும்.

வழிப்போக்கருக்கு முதலிடம்

இவ்வழக்கத்தின் வேர் உணவகங்களைவிடப் பழமையானது. தலைச்சுமையோடு கால்நடையாகப் பயணம் செய்த நாட்களில், சுமையைத் தாமே இறக்கித் தாமே ஏற்றிக்கொள்ள ஏதுவாக, ஆள் உயரத்திற்குக் கல் நாட்டி வைத்தார்கள். அதனை நாம் சுமைதாங்கி என்கிறோம். கேரளத்தார் அத்தாணி என்கிறார்கள். அத்தாணி என்னும் பெயரிலேயே இன்றும் அங்கே ஊர்கள் இருக்கின்றன. பிள்ளைப்பேற்றுக்கு முன்பே மரித்துப்போன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. தங்கள் துயரத்தின் அடையாளமாகக்கூட, முகமறியாத வழிப்போக்கனின் பாரத்தை இறக்கும் கல்லை நாட்டினார்கள் என்றால், அந்த மனம் எத்தகையது! இங்கே தண்ணீர்ப் பந்தலும் சாவடியும் இருந்தன. அங்கே வழியம்பலமும், உப்பும் இஞ்சியும் கலந்த சம்பாரம் என்னும் நீர்மோரும் இருந்தன.

சூடான நீருக்கு வேறொரு காரணமும் உண்டு. காய்ச்சாத நீரினால் வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் மஞ்சள்காமாலையும் பரவும். நீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்ற நல்ல பழக்கத்துக்கு இந்தக் கட்டைகளும் வேர்களும் துணைநின்றன. நிறமேறிய நீர், “நான் அடுப்பில் கொதித்து வந்தவன்” என்று தானே சாட்சி சொல்வதுபோல் இருந்தது.

ஆனால் இந்தச் சாட்சி எப்போதும் மெய்ச்சாட்சியாக இருப்பதில்லை. அவசரத்தில் கொதித்த நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. மஞ்சள்காமாலை பரவும் காலங்களில், அவ்வாறு கலக்கலாகாது என்று கேரளச் சுகாதாரத் துறையினர் எச்சரிக்கிறார்கள். நிறம் இருக்கிறது, கொதி இல்லை. பார்வைக்கு உபசரிப்பாகத் தோன்றுவது நோய்க்கு வழியாகிவிடுகிறது. வாசலில் நின்று “வாருங்கள், வாருங்கள்” என்று சொல்லிவிட்டு, உள்ளத்தில் சிறிதும் அனல் இல்லாமல் நாம் கொடுக்கும் வரவேற்பும் இப்படிப்பட்டதுதானே?

இராமசேரியின் அடுப்பு

பாலக்காட்டிலிருந்து சில கல் தொலைவில், எலப்புள்ளிக்கு அருகே இராமசேரி என்றொரு சிற்றூர் உண்டு. இட்லிக்காகவே தூரதேசத்தாரும் தேடிவரும் ஊர் இது. ஆனால் இவ்வூர் இட்லியின் கதை மலையாள நாட்டில் தொடங்கவில்லை. தலைமுறைகளுக்கு முன்பு பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து இங்கே குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பழக்கம் அது. காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லும் வழக்கும் அவர்களிடையே உண்டு. அவர்களுடைய தொழில் நெசவு. நெசவில் வருமானம் போதாத காலத்தில் வீட்டுப் பெண்கள் இட்லி சுட்டு, வயல்வேலைக்குச் செல்வோருக்கும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களுக்கும் விற்று அடுப்பெரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

இந்த இட்லி நம் வீட்டு இட்லியைப் போல உப்பலாக இராது. சிறு தோசையைப்போல் தட்டையாகவும் பஞ்சுபோல் மிருதுவாகவும் இருக்கும். அதைச் சுடும் முறையும் வேறு. அடுப்பின்மேல் நீருள்ள பாத்திரம், அதன்மேல் வளையம்போன்ற மண்சட்டி, சட்டியின் வாயில் குறுக்கும் நெடுக்குமாக நூலால் கட்டிய வலை, வலையின்மேல் ஈரத்துணி, துணியின்மேல் மாவு. இவ்வாறு சட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மூடி, விறகுத் தீயில் வேகவைக்கிறார்கள். மண், நீர், நூல், துணி, விறகு ஆகிய இவையே அந்த அடுக்களையின் அணிகலன்கள். நெசவாளியின் வீட்டில் எதற்குக் குறைவிருந்தாலும் நூலுக்கும் துணிக்கும் குறைவிராதல்லவா? சொந்த மண்ணிலிருந்து அவர்கள் கொண்டுவந்த கைத்தொழிலே அந்நிய மண்ணில் அவர்கள் இட்லிச் சட்டிக்கு வலையாயிற்று என்று எண்ணத் தோன்றுகிறது.

தேங்காய் எண்ணெயில் குழைத்த இட்லிப்பொடியோடும் சட்டினியோடும் இதனைப் பரிமாறுகிறார்கள். அவ்வூரின் சரஸ்வதி தேநீர்க்கடை இன்று பலரும் அறிந்த பெயர். பகட்டான கட்டடம் எதுவும் இல்லாத இடத்துக்கு, மலையாளிகளும் தமிழர்களும் ஒருசேர வந்து அமருகிறார்கள்.

பிரியமானவர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். இராமசேரிக்கு வந்த அந்த முதல் குடும்பங்கள் அந்நியர்கள். மொழி வேறு, உணவு வேறு, ஊர் வேறு. “எங்களை யாரும் வரவேற்கவில்லையே” என்று அவர்கள் திண்ணையில் உட்கார்ந்துவிடவில்லை. தங்களுக்குத் தெரிந்த இட்லியை அவ்வூராருக்கு ஊட்டத் தொடங்கினார்கள். விருந்தாளியாக வந்தவர்கள் விருந்து கொடுப்பவர்களானார்கள். அன்று வந்தேறிகள் எனப்பட்டவர்களின் பலகாரத்துக்கு இன்று அந்த ஊரின் பெயரே அடைமொழியாக நிற்கிறது!

இன்னொரு செய்தியையும் மறைக்கலாகாது. ஒருகாலத்தில் பல வீடுகளில் எரிந்த அந்த அடுப்பு, இன்று விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களில் மட்டுமே எரிகிறது. விடியுமுன் எழுந்து புகையில் நின்று உழைக்கும் இத்தொழிலைப் பிள்ளைகள் விரும்பாததில் வியப்பில்லை. அவர்களும் நம்மைப்போலவே படித்து நகரங்களுக்குச் செல்லுகிறார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் சட்டியையும் வலையையும் விட்டுச் செல்லும்போது, வந்தவரை உட்காரவைத்து ஊட்டிய அந்த மனத்தையும் விட்டுவிட வேண்டுமா என்பதே நம் கேள்வி.

எல்லை நகர்ந்தது

நம்மவர் கேரளத்துக்குள் நுழையும் வாசல்களில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்று. சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைகள் விலகி வழிவிட்ட அவ்விடத்தில், 1862-லேயே போத்தனூரையும் பட்டாம்பியையும் இருப்புப்பாதை இணைத்துவிட்டது. மற்றொரு வாசல் மலைமேல் இருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகவும், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகவும் ஏறிச் செல்லும் இடுக்கிச் சாலைகளே அவை.

1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, சென்னை மாநிலத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களோ திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. அவ்விரு வட்டங்களும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று அந்நாளில் பெரும் போராட்டமே நடந்தது. முடிவில் இரண்டு பகுதிகளும் கேரளத்துக்குள் அமைந்தன. வரைபடத்தில் எல்லைக்கோடு மாறியது. ஆனால் கோட்டின் இருபுறமும் இருந்த அடுப்புகள் மாறவில்லை. இட்லியும் சாயாவும் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் இன்றும் போய்வருகின்றன.

மலைமேல் ஒரு கோப்பை

இந்த இரண்டாம் வாசலில் ஏறிச்சென்ற நம்மவரின் வரலாறு இன்னும் கடினமானது. மூணாறுப் பகுதியில் 1879-ல் வெள்ளையர்களின் தோட்ட நிறுவனம் அமைந்தது. அடுத்த ஆண்டே பார்வதித் தோட்டத்தில் தேயிலை பயிரிடப்பட்டது. காட்டை வெட்டி, மலையைச் சீர்செய்து, கன்று நட, மதுரை, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழைகள் கங்காணிகளால் அழைத்துவரப்பட்டார்கள். லயம் எனப்படும் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த சிற்றறைகளில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

மூணாற்றின் குளிரில் சாலையோரக் கடையில் கோப்பையைக் கையில் ஏந்தும் சுற்றுலாப் பயணி, “என்ன மணம், என்ன சுவை!” என்று வியக்கிறார். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய விரல்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களுடையவை. 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு, பெருமழையில் பெட்டிமுடியின் லயங்கள்மேல் மலை சரிந்தபோது 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளரும் அவர்கள் குடும்பத்தாருமே. நாம் பருகும் தேநீரின் பின்னால் இப்படிப்பட்ட வீடுகளும் இருந்தன என்பதை மறவாதிருப்போம்.

ஆனாலும் அந்தச் சிற்றறைகளுக்குச் சென்று பாருங்கள். அமர ஒரு நாற்காலிதான் இருக்கும், அது வந்தவருக்கு. பால் இல்லாவிட்டால் கட்டன் சாயா. “ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க” என்ற சொல்லுக்குப் பின்பே மற்ற விசாரணைகள். குறைவுள்ள இடத்தில்தான் வரவேற்பு நிறைவாக இருக்கிறது என்பதை நம்மில் பலர் நம் சொந்தக் கிராமங்களிலேயே கண்டிருக்கிறோம் அல்லவா?

ஒரே குவளையா?

பழைய நாட்களைப் புகழும்போது ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வரவேற்பு எல்லாருக்கும் கிடைத்ததில்லை. நம் தமிழகத்துத் தேநீர்க்கடைகளில், சிலருக்குக் கண்ணாடித் தம்ளரும் சிலருக்குத் தனியே ஒதுக்கிய குவளையும் வைத்திருந்த இரட்டைக் குவளை முறையை நாம் அறிவோம். இடுக்கியின் எல்லையிலுள்ள வட்டவடை என்னும் மலைக்கிராமத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு முடிதிருத்த மறுத்து வந்ததால், 2020-ஆம் ஆண்டிலே ஊராட்சியே முன்வந்து எல்லாருக்கும் பொதுவான முடிதிருத்தும் நிலையம் ஒன்றைத் திறக்க வேண்டியதாயிற்று. 2020-ஆம் ஆண்டில்!

ஆகையால், வரவேற்பின் அளவுகோல் நாம் எத்தனை இன்முகத்தோடு கொடுக்கிறோம் என்பது மட்டுமன்று. எல்லாருக்கும் அதே குவளையில் கொடுக்கிறோமா என்பதே. நம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு எந்தத் தம்ளர்? கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்ய வந்த தம்பிக்கு எந்தத் தம்ளர்? அலமாரியின் மூலையில் தனியாகக் கவிழ்த்து வைத்த ஒன்று இருக்குமானால், இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

நம் வாசலில்

நாம் நகரத்துக்கு வந்த நாளை நினைத்துப் பார்ப்போம். தாம்பரத்திலோ, பெங்களூரின் புறநகரிலோ, மும்பையின் தாராவியிலோ, ஒரு பெட்டியும் ஒரு முகவரிச் சீட்டுமாக இறங்கினோம். அன்று எவரோ ஒருவர் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தார். அல்லது ஒருவரும் கொடுக்கவில்லை. இரண்டில் எது நடந்திருந்தாலும் அதை நாம் இன்றும் மறக்கவில்லை.

இப்பொழுது பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. வாடகை வீடு சொந்த வீடாயிற்று. ஆனாலும் நம்மில் பலர் உள்ளத்தில் இன்னும் விருந்தாளிகளாகவே இருக்கிறோம். “இந்த ஊரில் யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை” என்று குறைப்படுகிறோம். அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்கு மூட்டை முடிச்சுகளோடு புதியவர்கள் வரும்போது, கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறோம். அவர்கள் பீகாரிலிருந்து வந்தவர்களாயிருக்கலாம், அசாமிலிருந்து வந்தவர்களாயிருக்கலாம். நம் சபையிலேயே, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஓரமாய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் புதிய குடும்பத்தை எத்தனை பேர் கவனித்தோம்?

நாம் விருந்து படைக்க வேண்டியதில்லை. இராமசேரிப் பெண்கள் தங்களிடம் இருந்ததைத்தான் கொடுத்தார்கள். பாலக்காட்டுக் கடைக்காரர் வைப்பதும் ஒரு குவளை நீரே. சில மரச்சீவல்களும் அடுப்பின் சூடுமே அதற்கு ஆகும் செலவு. அதன் அருமை, அது கேளாமல் வைக்கப்பட்டதில் இருக்கிறது. “என்ன வேண்டும்?” என்று கேட்டால், புதியவர் பெரும்பாலும் “ஒன்றும் வேண்டாம்” என்றே சொல்வார். கூச்சம் அப்படிப்பட்டது. கேட்பதற்கு முன்பே வைத்துவிட்டால், மறுக்கும் சங்கடத்திலிருந்து அவரை விடுவிக்கிறோம்.

இந்த மாதத்தில் நாம் ஒரு சிறு காரியம் செய்வோமா? நமக்குப் பின்பு நம் தெருவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டுவோம். தண்ணீர் லாரி எந்த நாளில் வரும், நல்ல மருத்துவர் எங்கே இருக்கிறார், பிள்ளைக்குப் பள்ளி எது, மாதச் சீட்டு எங்கே வாங்குவது என்று, நாம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்வோம். நம் வீட்டுக்கு வருபவருக்கு, ஃபேன் சுவிட்சைப் போடுவதற்கும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பதற்கும் முன்பாக, ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

அந்தச் சிறுமியின் கதையை முடித்துவிடலாம். தயங்கித் தயங்கி ஒரு வாய் குடித்தாள். பின்பு முழுவதையும் குடித்தாள். கேளாமலே தம்ளர் மறுபடியும் நிறைந்தது. ஊர் திரும்பிய பின்பு, அவள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னே முதலில் ஓடுவது அவளும் அவள் கையிலுள்ள தண்ணீருமாக இருக்குமானால், அந்தப் பயணத்தில் அவள் பெற்றதைவிட அருமையான பரிசு வேறென்ன இருக்க முடியும்?

நம் வீட்டு வாசலுக்கு இன்று யார் வருகிறார்கள்? அவருக்காக அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருக்கிறது?